ஒப்பிடப்படக்கூடியவர் வந்த வழி

மொழிபெயர்ப்புப் படி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய பாடகர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு, ஆங்கிலத்திலிருந்து வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: ‘அவரோடு ஒப்பிடப்படக்கூடியவர் அன்று எவரும் இருக்கவில்லை.’ பென்சில் நின்றுவிட்டது. பிழை என்று சுட்ட எதுவும் இல்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, சந்தியும் சரி. ஆனாலும் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. ‘அவருக்கு இணை அன்று யாருமில்லை’ என்று மேலே எழுதிவிட்டுப் பழையதை அடித்தேன்.

அடித்த பிறகும் அந்தச் சொல் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒப்பிடு, படு, கூடு, அவர் என்று நாலு பெட்டி கோத்த கூட்ஸ் வண்டி. இழுத்துவந்த எஞ்சின் ஆங்கிலத்தில் நிற்கிறது: ‘கேன் பி கம்பேர்டு’. ‘கேன்’ ஒரு துணைவினை, பள்ளிக்கூடத்தில் மோடல் என்பார்கள். ‘பி’யும் ‘கம்பேர்டு’ம் சேர்ந்தது செயப்பாட்டு வினை. ஒப்பிடுகிற ஆள் யார் என்பது தெரியவே தெரியாது.

இந்தத் தொடருக்குப் பிறந்த ஊர் என்று ஒன்றைக் காட்ட முடியாது. எத்தனையோ பேர் எங்கெங்கோ தனித்தனியே சொல்லிப் பழகியதுதான். ஆனால் அது ஏறிவந்த ஒரு வண்டியை மட்டும் ஊர் ஊராகப் பின்தொடரலாம். பைபிளின் 89ஆம் சங்கீதம், ஆறாம் வசனம். மேகங்களுக்கு மேலே கடவுளுக்கு ஈடு யார் என்று கேட்கிற இடம்.

புறப்பட்ட ஊர் எபிரேயம். அங்கே இந்த வசனத்தின் முதல் வினைச்சொல் ‘அராக்’. அடுக்கிவைப்பது, வரிசைப்படுத்துவது என்பது அதன் பொருள். பந்திக்கு மேசை போட்டு எல்லாவற்றையும் எடுத்துவைப்பதற்கு அந்தச் சொல்தான். பலருக்கும் மனப்பாடமான 23ஆம் சங்கீதத்தில் கடவுள் பந்தி ஆயத்தம் பண்ணுகிற இடத்தில் இருப்பதும் இதே வினை. போர்க்களத்தில் படைகளை அணிவகுத்து நிறுத்துவதற்கும் அதுவேதான். ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் இரண்டும் ஈடா இல்லையா என்று தெரிந்துபோகுமல்லவா, அந்த வழியாக ‘ஈடுகொடுத்து நிற்பது’ என்ற பொருளும் வந்து சேர்ந்தது. வசனத்தின் இரண்டாம் வினை ‘தாமா’, அதாவது ஒத்திருப்பது. மனிதன் கடவுளின் சாயலாகவும் ரூபத்தின்படியும் படைக்கப்பட்டதாக ஆதியாகமம் சொல்லும்போது ‘ரூப’த்துக்கு வரும் எபிரேயச் சொல் இந்த வேரிலிருந்து முளைத்தது.

இரண்டும் செய்வினை என்பதைக் கவனிக்க வேண்டும். வானத்தில் இருக்கிற யாரோ ஒருவர் தாமே வந்து கடவுளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், தாமே ஒத்திருக்க வேண்டும். மூன்றாம் ஆள் தராசோடு நிற்கவில்லை. எபிரேய வினையின் அந்த வடிவம் கொஞ்சம் நெகிழ்வானதும்கூட. ‘நிற்பார்’ என்றும் கொள்ளலாம், ‘நிற்க முடியும்’ என்றும் கொள்ளலாம். மோடல் என்று தனியாக ஒரு சொல் வேண்டியதில்லை. அந்த நெகிழ்வை ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் ஒவ்வொரு பக்கமாக இழுத்ததுதான் மீதிக் கதை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு வேலையில் சங்கீதங்களும் பின்னர் கிரேக்கமாயின. அங்கேதான் முதல் மாற்றம். கிரேக்கத்தில் இரண்டு வினைகளும் எதிர்காலச் செயப்பாட்டு வடிவம் எடுத்தன. ‘யார் சமமாக்கப்படுவார், யார் ஒப்பாக்கப்படுவார்.’ தானே வந்து நின்றவர் இப்போது யாராலோ நிறுத்தப்படுகிறார். வசனத்தின் விலாசம்கூட மாறிப்போயிற்று. கிரேக்கத்தில் இரண்டு சங்கீதங்களை ஒன்றாகச் சேர்த்ததால் எண் ஒன்று குறைந்து இது 88ஆம் சங்கீதம் ஆனது.

அங்கிருந்து லத்தீன். 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெரோம் திருத்திய சங்கீதப் புத்தகங்களில், மேற்கு ஐரோப்பாவில் பரவலாகப் பாடப்பட்டது கிரேக்கத்தைப் பின்பற்றிய பிரதிதான். அதனால் முதல் வினையில் செயப்பாடும் கூடவே வந்தது: ‘எக்வாபித்துர்’. ஒரே சொல். லத்தீனுக்கு வினையின் வாலை ஆட்டினாலே செயப்பாடு வந்துவிடும். ‘சமமாக்கப்படுவார்’ என்று நாம் மூச்சு வாங்கிச் சொல்வதை அது ஒரே விகுதியில் முடித்துக்கொள்ளும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் துறவிகள் மடங்களில் இந்தச் சொல்லைப் பாடினார்கள்.

இங்கிலாந்துக்கு வந்ததும்தான் வண்டி தடுமாறியது. ஆங்கிலத்தில் வால் ஆட்டும் வித்தை கிடையாது. செயப்பாடு வேண்டுமென்றால் ‘பி’ வேண்டும், எதிர்காலம் வேண்டுமென்றால் இன்னொரு துணைவினை வேண்டும். 1380களில் விக்ளிஃபின் ஆட்கள் லத்தீனிலிருந்து பைபிளை ஆங்கிலமாக்கியபோது இங்கே ‘ஷல்’ போட்டார்கள். 1535இல் முழு ஆங்கில பைபிளை முதன்முதலில் அச்சுக்குக் கொண்டுவந்த மைல்ஸ் கவர்டேலும் லத்தீனையும் ஜெர்மனையும் வைத்துக்கொண்டே வேலை செய்தவர். அவர் வழியில் வந்து இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தில் நிலைத்த சங்கீதத்தில் இந்த இடம் ‘ஷல் பி கம்பேர்டு’ என்று நிற்கிறது. ‘ஒப்பிடப்படுவார்’.

‘ஷல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் கடன் தெரியும். பழைய ஆங்கிலத்தில் அது ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்று பொருள்தந்த வினை. ஜெர்மனில் கடனுக்கும் குற்றத்துக்கும் இன்றும் வழங்கும் ‘ஷுல்ட்’ இதன் பங்காளி. ‘மே’க்கு அடியில் பலம் இருக்கிறது, ‘மைட்’ என்றால் வலிமை என்பது அங்கிருந்துதான். ‘மஸ்ட்’ அந்தக் காலத்தில் அனுமதியாக இருந்து பிறகு கட்டாயமாக முறுக்கேறியது. கடன், பலம், அனுமதி என்று வாழ்க்கையில் ரத்தமும் சதையுமாக இருந்தவை தேய்ந்து தேய்ந்து இலக்கணமாகிவிட்டன.

‘கேன்’ கதை எனக்கு இவற்றைவிடப் பிடித்தது. அதற்கு முதலில் ‘அறிவேன்’ என்று பொருள். 7ஆம் நூற்றாண்டில் விட்பி மடத்தில் மாடு மேய்த்த கேட்மன் என்பவரைப் பற்றி பீட் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். விருந்தில் யாழ் கைமாறிக் கைமாறித் தன் பக்கம் வருவதைக் கண்டதும் கேட்மன் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார், பாடத் தெரியாது என்பதால். அப்படிப் போன ஓர் இரவு கனவில் யாரோ வந்து பாடு என்றபோதும் அதையேதான் சொன்னார். பீட் லத்தீனில் எழுதிய அந்தக் கதையைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தவர் கேட்மன் வாயில் போட்ட வினை இந்தக் ‘கேன்’தான். ‘பாட அறியேன்’ என்றும் படிக்கலாம், ‘பாட முடியாது’ என்றும் படிக்கலாம். அறிவு முடிந்து திறமை தொடங்குகிற வரப்பில் அந்தச் சொல் நின்றுகொண்டிருக்கிறது. நமக்கும் இது புதிதில்லை. ‘நீச்சல் தெரியுமா’ என்றுதானே கேட்கிறோம்.

இந்தக் ‘கேன்’, ‘நோ’ என்கிற ஆங்கில வினை, வடமொழியிலிருந்து நம்மிடம் வந்த ‘ஞானம்’ மூன்றும் ஒரே இந்தோ–ஐரோப்பிய வேரில் கிளைத்தவை என்கிறார்கள் மொழியியலார். கோயிலில் ஞானப்பழம் என்று பாடுகிறவருக்கும் பஸ்ஸில் ‘கேன் ஐ சிட் ஹியர்’ என்று கேட்கிறவருக்கும் வெகு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. ‘கேன்’இன் இறந்தகால வடிவமான ‘குட்’டில், நடுவில் எழுதுகிற ‘எல்’ எழுத்து மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டையும் பார்த்து யாரோ சும்மா கொண்டுவந்து செருகியது. கல்யாண வீட்டில் யார் பக்கத்துச் சொந்தம் என்றே தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி அது இன்றுவரை உட்கார்ந்திருக்கிறது.

1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் புதிய மொழிபெயர்ப்புக்கு உத்தரவிட்டார். ஏறத்தாழ 47 அறிஞர்கள், ஆறு குழுக்கள். சங்கீதங்கள் கேம்பிரிட்ஜ் குழு ஒன்றின் கைக்குப் போயின. அவர்கள் மேசையில் எபிரேய மூலம் இருந்தது, முந்தைய ஆங்கிலப் பைபிள்களும் இருந்தன. அவற்றில் ஒன்று 1560இன் ஜெனிவா பைபிள். அது எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் ‘சமமானவர் யார்’ என்றே கேட்டிருந்தது. ஜெர்மனியில் லூத்தர் அதற்கும் முன்பே ‘மே’யின் ஜெர்மன் பங்காளியைப் போட்டுச் செய்வினையாகவே எழுதியிருந்தார், ‘ஈடாக மதிப்புப் பெற வல்லவர் யார்’ என்கிற மாதிரி. லத்தீனில் செயப்பாடு இருந்தது, மோடல் இல்லை. லூத்தரிடம் மோடல் இருந்தது, செயப்பாடு இல்லை. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இரண்டும் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. முதல் பாதியில் ‘கேன் பி கம்பேர்டு’, இரண்டாம் பாதியில் ‘கேன் பி லைக்கன்டு’. ‘ஷல்’ போய்க் ‘கேன்’ வந்துவிட்டது.

சின்ன மாற்றம்தான். ஆனால் ‘ஒப்பிடப்படுவார்’ என்பது என்றோ ஒருநாள் நடக்கப்போவதைப் பேசுகிறது. ‘ஒப்பிடப்பட முடியும்’ என்பது அப்படி ஒன்று நடக்க வழியே உண்டா என்று கேட்கிறது. கேள்வியின் கதவு இன்னும் இறுகச் சாத்திக்கொள்கிறது. பதில் ‘யாருமில்லை’ என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே ஒரு விநோதமும் நடக்கிறது. ‘கேன்’ என்றால் அறிவும் திறமையும் அல்லவா? இங்கே யாருடைய திறமை? மேகத்தில் இருப்பவருடையது இல்லை. அவர் ஒப்பிடப்படுகிறவர், சும்மா நிற்கிறார். திறமை வேண்டியது ஒப்பிடுகிறவருக்கு. அவரோ வாக்கியத்திலேயே இல்லை. ஆள் போய்விட்டார், அவருடைய திறமை மட்டும் துணைவினையாகத் தங்கிவிட்டது.

இரண்டு வருஷம் முன்னால், 1609இல், ஷேக்ஸ்பியரின் பதினான்கடிப் பாடல்கள் அச்சில் வந்திருந்தன. அவற்றில் 18ஆவது, காதலுக்குரியவரைக் கோடைக்கால நாளோடு ஒப்பிடலாமா என்று கேட்டுத் தொடங்குகிறது. ஆங்கிலம் படித்தவர்கள் பெரும்பாலும் அறிந்த அடி. அங்கே ‘ஷல்’ இருக்கிறது, செய்வினை இருக்கிறது, முக்கியமாக ‘நான்’ இருக்கிறது. ஒப்பிடுகிறவர் முன்னால் வந்து பொறுப்பேற்றுக்கொண்டு அனுமதி கேட்கிறார். ஏறக்குறைய ஒரே சமயத்தில் லண்டனில் அச்சான இரண்டு புத்தகங்கள், ஒரே வினை. ஒன்றில் ஒப்பிடுகிறவர் முழுதாக நிற்கிறார், மற்றதில் காணாமற்போகிறார். காதலில் ஒப்பிட ஆள் வேண்டும். கடவுள் விஷயத்தில் ஒப்பிட யாருக்குத் துணிச்சல் வரும், ஆள் இல்லாமல் இருப்பதே மரியாதை என்று நான் சமாதானம் செய்துகொள்கிறேன்.

அதன் பிறகு தொடர் கோயிலைவிட்டு வெளியே வந்து நன்றாகச் சம்பாதித்தது. விஞ்ஞானம் எழுதுகிறவர்களுக்கு அது தோதாக இருந்தது. இதயத்தை பம்போடு ஒப்பிடலாம், கண்ணைக் கேமராவோடு ஒப்பிடலாம். யார் ஒப்பிட்டது என்று கேட்டால் யாரும் இல்லை, பொருள்களே அப்படி என்பது போன்ற பாவனை. பிறகு அலுவலகத்துக்கு வந்தது. ‘நான் ஒப்பிடுகிறேன்’ என்று எழுதினால் நாளைக்கு யாராவது வந்து கேள்வி கேட்பார்கள். ‘ஒப்பிடப்படலாம்’ என்று எழுதினால் கோப்பு தானாக நகரும். செயப்பாடு ஒரு திரை, மோடல் அதற்கு மேல் இன்னொரு திரை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில்தான் எனக்கு இது முதலில் அறிமுகம். இங்கிலீஷ் வாத்தியார் கையில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம். 1935இல் வந்த புத்தகம், அட்டை போய்க் காக்கித்தாள் போட்டிருப்பார். (அந்த ரென்தான் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதியவர் என்று ரொம்பப் பிற்காலத்தில் தெரிந்தபோது ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. பாலைவனச் சாகசக் கதை எழுதிய ஆள் எங்களுக்கு ஆக்டிவ் வாய்ஸ் நடத்தியிருக்கிறார்.) ‘ஹூ கேன் டூ இட்?’ என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார். ‘பை ஹூம் கேன் இட் பி டன்?’ என்று நாங்கள் மாற்ற வேண்டும். ‘கேன் வந்தா பி போடு, பி வந்தா மூணாவது காலத்துலேர்ந்து எடுத்துப் போடு’ என்பார். மூணாவது காலம் என்றால் அட்டவணையின் மூன்றாவது பத்தி, பாஸ்ட் பார்ட்டிசிபிள். மறுநாள் டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன். ராமனைவிட உயரமான பையன் வகுப்பில் இல்லை என்பதை மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். வாய்ஸ் ஒருநாள், மோடல் ஒருநாள், ஒப்பீடு ஒருநாள். மூன்றும் ஒரே வாக்கியத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தேர்வில் வராது.

தமிழில் இந்தச் சந்திப்பு ஏன் நெருடுகிறது? தமிழுக்குச் செயப்பாட்டு வினை தெரியாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. ‘செயப்படுபொருள்’ என்ற இலக்கணச் சொல்லுக்குள்ளேயே ‘படு’ இருக்கிறதே. ஆனால் தொல்காப்பியர் வேறொன்றையும் வழக்காகக் குறித்துவைத்திருக்கிறார்: செய்யப்பட்ட பொருளை அதுவே செய்ததுபோலச் சொல்வது. உரைகாரர்கள் தரும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. யார் மெழுகினார்கள்? வீட்டுப் பெண்கள். ஆனால் திண்ணையே எழுவாய். வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டில் ‘போன வாரம்தான் வெள்ளையடிச்சாச்சு’ என்கிறார்களே, அங்கேயும் அடித்தவர் இல்லை, ‘படு’வும் இல்லை.

‘படு’வுக்கு அடிப்பொருள் விழுவது, அனுபவிப்பது. அடிபட்டான், அவமானப்பட்டான், கஷ்டப்பட்டான். அதனால் எங்கே துன்பம் இருக்கிறதோ அங்கே அது இயல்பாக உட்காரும். எதிர்வீட்டுப் பையனின் மார்க்கோடு வருஷம் முழுக்க ஒப்பிடப்பட்டவன் என்று என்னைப் பற்றி எழுதினால் அந்தப் ‘படு’வை எந்தப் பிழைதிருத்துநரும் தொடமாட்டார். ஆனால் ஒரு பெரிய பாடகரைப் புகழ வந்த இடத்தில் எதற்கு அந்தத் துன்பம்?

மோடல் பக்கமும் இதே கதைதான். ஆங்கிலம் அறிவையும் பலத்தையும் கடனையும் துணைவினை ஆக்கியது போல, தமிழ் ‘முடி’ (நிறைவேறுவது), ‘கூடு’ (சேர்வது), ‘வேண்டு’ (விரும்புவது) ஆகியவற்றை ஆக்கிக்கொண்டது. ‘ஒப்பிடலாம்’ என்பதில் இருப்பது ‘ஒப்பிடல் ஆம்’, ஒப்பிடுதல் ஆகும். அதற்குள் ஆளே இல்லை. நான், நீ, யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம். ஆங்கிலம் ஆளை மறைக்க ‘பி’யைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நமக்கு ‘லாம்’ போட்டதுமே ஆள் விலகிக்கொள்கிறார். அதன் மேல் ‘படு’வையும் ஏற்றி ‘ஒப்பிடப்படலாம்’ என்பது ஏற்கெனவே காலியான நாற்காலியிலிருந்து ஆளை எழுப்புவது.

ஒப்புமை பேச வேறு வழியும் நம்மிடம் இருந்தது. தொல்காப்பியத்தின் உவமவியல் 36 உவமச் சொற்களை அடுக்குகிறது. அதில் அன்ன, ஒப்ப, உறழ, நிகர்ப்ப, எள்ள, கள்ள எல்லாம் உண்டு. எள்ளுவது என்றால் இகழ்வது, கள்ளுவது என்றால் திருடுவது, உறழ்வது என்றால் மல்லுக்கு நிற்பது. முகம் நிலவை எள்ளும், நிலவின் ஒளியைத் திருடும், அதோடு மோதும். ஒப்பிடுகிற ஆளைத் திரைக்குப் பின்னால் அனுப்ப வேண்டிய தேவையே எழவில்லை. பொருள்கள் தாங்களே வரிசையில் வந்து நின்று ஒன்றையொன்று சீண்டுகின்றன. எபிரேயத்தின் ‘அராக்’ படையை அணிவகுத்ததே, கிட்டத்தட்ட அந்தக் களம்.

வசனம் தமிழுக்கு வந்தது மிஷனரிகள் வழியாக. 18ஆம் நூற்றாண்டில் ஃபப்ரீஷியஸ் தமிழில் பழைய ஏற்பாட்டை உழைத்து முடித்தார். இன்று பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கப்படும் பிரதி, 1871இல் ஹென்றி பவர் தலைமையில் வெளியான திருத்தத்தின் வழி வந்தது. அதில் இந்த வசனத்தைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பாதியில் ‘நிகரானவர்’, இரண்டாம் பாதியில் ‘ஒப்பானவர்’, அதோடு ‘யார்’. செயப்பாடும் இல்லை, மோடலும் இல்லை. கிரேக்கம் ஏற்றிய பாரம், ஜேம்ஸ் மன்னரின் ஆட்கள் ஏற்றிய பாரம் இரண்டையும் இறக்கிவைத்துவிட்டு வசனம் வெறும் கையோடு நிற்கிறது. நிகர், ஒப்பு இரண்டும் அந்த 36இல் இருப்பவை. விலாசம் மட்டும் ஆங்கிலத்துக் கணக்குப்படி 89:6.

ஆங்கிலமும் பிறகு கொஞ்சம் மனம் மாறியது. 1952இன் திருத்திய பைபிள் ‘கேன் பி கம்பேர்டு’ என்பதை முதல் பாதியில் வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் அதை விட்டுவிட்டது. 1978இல் முழுமையாக வெளிவந்த புதிய சர்வதேச மொழிபெயர்ப்பு ‘பி’யை எடுத்துவிட்டு ‘கேன் கம்பேர் வித்’ என்றது. அதாவது வானத்தில் இருப்பவரே ஈடாக வந்து நிற்கிறார். ஆங்கிலத்தில் ‘கம்பேர்’ என்ற வினை இப்படித் தானாகவும் இயங்கும், திண்ணை மெழுகிற்று மாதிரி. 1990இல் ஐரிஷ் பாடகி ஷினேட் ஓகானர் பாடி உலகெங்கும் ஒலித்த ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ பாட்டின் தலைப்பில் இருப்பதும் அதுவே, எழுதியவர் பிரின்ஸ். அதில் மோடலும் இல்லை. உனக்கு நிகராக எதுவும் இல்லை. சங்கீதக்காரர் கடவுளைப் பார்த்துக் கேட்டது, பிரிந்துபோன காதலைப் பார்த்துச் சொன்னதாகியிருக்கிறது, இலக்கணம் மட்டும் ஏறக்குறைய எபிரேயத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

படியைத் திருத்தி அனுப்பிய மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பாளர் போன் செய்தார். என்னைவிட வயதில் இளையவர், ‘சார்’ போட்டுத்தான் பேசுவார். பன்னிரண்டாம் பக்கத்தில் ஏன் சார் மாத்துனீங்க, மூலத்துல ‘குட் பி கம்பேர்டு’ன்னு இருக்கே, ‘இணை’ன்னு போட்டா அந்த ‘குட்’ எங்க போச்சு என்றார். நியாயமான கேள்வி. மாடு மேய்த்த கேட்மனிலிருந்து தொடங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ‘அதுல எல் எழுத்து எதுக்கு இருக்குன்னு தெரியுமா தம்பி?’ என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ‘சரி சார், இணையே இருக்கட்டும்’ என்றார்.